சத்தம் கேட்டால் அழுத்தவும்

அக்டோபர் 9, வியாழன்

வரலாற்று டீச்சர் இன்று எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் ஜெபக்கனி என்று ஒருத்தி இருக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கண் தெரியாது. பாடங்களைக் கேட்டுத்தான் படிப்பாள். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதுவார்கள். இதுவரை போனில் ஓர் இயந்திரக் குரல் அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அரையாண்டுத் தேர்வுக்குள் வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் நான் வாசித்துப் பதிவு செய்து தர வேண்டும்.

"அந்த மெஷின் அக்கா எல்லாத்தையும் ரேஷன் கடையில பேர் கூப்பிடுற மாதிரியே வாசிக்கா," என்றாள் ஜெபக்கனி. "லூயி மன்னன் தலையை வெட்டுற இடத்துலயும் அதே குரல்தான். நீயாவது கொஞ்சம் வருத்தப்பட்டு வாசி."

வருத்தப்பட்டு வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"சங்கரவடிவுன்னு பாட்டி காலத்துப் பேர் வெச்சிருக்கும்போதே நெனச்சேன், இப்பிடித்தான் பேசுவன்னு."

அவளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர வேண்டும். விடுதியும் வேண்டும். வரலாற்றில் நல்ல மதிப்பெண் வாங்கினால் இரண்டும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணில் என் குரலுக்கும் ஒரு பங்கு இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். வழியில் ஒரு லாரிக்காரர் திட்டினார். ஹாரன் அடித்தாராம்.

அக்டோபர் 11, சனி

பதிவுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. அப்பா கல்யாண வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிறவர். கோவில்பட்டியில் 'முத்தையா ஒலி ஒளி' என்றால் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செட் அறையில் இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டிகள் சுவரோரமாக நிற்கின்றன. கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பெட்டிகளின் மேல்தான் என்னைப் படுக்கப் போடுவார்களாம். பாட்டு அதிர அதிர நன்றாகத் தூங்குவேனாம்.

லேப்டாப் செண்பகம் அக்காவுடையது. அவள் பள்ளியில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு தோசை சாப்பிட்டு வந்தால்கூட அது இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஹெட்போன் அப்பாவுடையது. கறுப்பு நிறம், காதுக் கிண்ணத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. மெத்தையின் தோல் உரிந்துவிட்டதால் கழற்றும்போது கன்னத்தில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். எடை அதிகம். சீக்கிரமே காது வியர்த்துவிடும். ஆனால் அதன் பேஸுக்காக, அந்தத் தடித்த அடித்தொனிக்காக, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். தவில் அடித்தால் தாடை எலும்பில் வந்து விழும். யாராவது பேசினால் அவர்களுடைய நெஞ்சுக்குள்ளிருந்தே கேட்பதுபோல இருக்கும். 'ச', 'ஸ' மாதிரியான எழுத்துகள் மட்டும் போர்வைக்குள் போய்விடுகின்றன. அது எனக்குக் குறையாகப் படவில்லை. ஹெட்போன் போடாதபோதும் அவை போர்வைக்குள்தான் இருக்கின்றன.

"பாட்டுன்னா நெஞ்சுல வந்து இடிக்கணும்ட்டி," என்பார் அப்பா. "காதுல மட்டும் கேட்டா அது பாட்டு இல்ல, தகவல்."

அக்டோபர் 12, ஞாயிறு

பிரெஞ்சுப் புரட்சி முழுவதையும் வாசித்து முடித்தேன். லூயிக்காக வருத்தப்பட்டேன். பட்டினி கிடந்த மக்களுக்காக அதைவிட அதிகம் வருத்தப்பட்டேன். அதுதான் நியாயம்.

மதியம் அம்மாவிடம் திட்டு வாங்கினேன். மூன்று விசில் வந்ததும் குக்கரை அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

"கையில புஸ்தகம் இருந்தா இவளுக்கு வீடு பத்தி எரிஞ்சாலும் தெரியாது," என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னாள். மாமி என்னைப் பாராட்டுவதுபோலப் பார்த்தார்கள்.

உண்மையில் அப்போது நான் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையில் புத்தகம் இல்லை. அதைச் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜெபக்கனி கேட்டுவிட்டாள்.

"வாசிப்பு நல்லாருக்கு வடிவு. எங்க அம்மா பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு, அடுத்த பாடம் எப்பன்னு கேக்கா. ஆனா கூடவே ஒரு கொசு வாசிக்கி."

"கொசுவா?"

"கீ…ன்னு ஒரே சத்தம். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். கொஞ்ச நேரம் கேட்டாலே மண்டைக்குள்ள ஊசி இறங்குது. உனக்குக் கேக்கலயா?"

"எங்க வீட்டு ஹெட்போன்ல பேஸ் அதிகம். அதுல மறைஞ்சிருக்கும்," என்றேன்.

சொல்லும்போதே அது சரியான காரணமாகத் தோன்றியது. எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அக்டோபர் 15, புதன்

ஆராய்ச்சி செய்தேன். லேப்டாப்பில் பேஸைக் குறைத்துவிட்டுக் கேட்டேன். கொசு வரவில்லை, என் வாசிப்பும் பாதி காணாமல் போய்விட்டது. பழையபடி ஏற்றிவிட்டேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறாள், விடுதியில் இருக்கிறாள். போனில் அவள் பேசுவது எப்போதும் பாதிதான் புரியும். ஸ்பீக்கரில் போட்டு இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

"அப்பா ஹெட்போன்ல எத கேட்டாலும் கல்யாண வீடுதான். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய ஹார்ட் டிஸ்க் சுத்துற சத்தமா இருக்கும். உள்ள தட்டு ஓயாம சுத்திக்கிட்டு இருக்குல்ல. தீபாவளிக்கு வரும்போது எஸ்எஸ்டி போட்டுத் தாரேன். அதுல சுத்துறதுக்கு ஒண்ணும் கிடையாது, சத்தமே வராது. ரேமும் ஏத்திருவோம்."

ஆக, குற்றவாளி ஹார்ட் டிஸ்க். நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

லேப்டாப்புக்கு இன்று அறுவை சிகிச்சை.

செட் அறையில் பாய் விரித்து, அதைக் கவிழ்த்துப் போட்டு, அக்கா திருகுகளைக் கழற்றினாள். நான் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டேன். லேப்டாப்பில் எந்த மூலையில் இருந்த திருகோ, தட்டிலும் அதே மூலையில் வைக்க வேண்டும் என்பது அவள் சட்டம். பிறகு பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு நெம்பி மூடியைத் திறந்தாள். உள்ளே மின்விசிறி தெரியாத அளவுக்குத் தூசி.

அப்பா எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள இவ்ளோதானா? என் ஆம்ப்ளிபயர்ல பாதி கூட இல்லயே."

"இது கல்யாணத்துக்குப் போறதில்லப்பா."

ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அதன் இடத்தில் போன எஸ்எஸ்டி ஒரு பிஸ்கட் பாக்கெட் அளவுகூடக் கனமில்லை. ரேமைச் சாய்த்துச் செருகி அழுத்தினாள். மூடாமலே சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது.

"பீப் அடிக்கி பாரு. ரேம் சரியா உக்காரல," என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தட்டைக் கவிழ்த்துவிடக் கூடாதே என்ற கவனத்தில் இருந்திருப்பேன்.

"எங்கட்டி அடிக்கி?" என்று அப்பாவும் கேட்டார்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். ரேமைக் கழற்றி, அதன் விளிம்பை அழிரப்பரால் துடைத்து, மறுபடி அழுத்தி உட்காரவைத்தாள். திரை வெளிச்சமானது.

இப்போது திறந்தவுடன் விழித்துக்கொள்கிறது. தோசைக்கு நேரமில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சங்குசக்கரம் சுற்றும்போது சீறுமாம், அக்கா சொல்கிறாள். எனக்கு அது எப்போதும் வெளிச்சம் மட்டும்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

தொழிற்புரட்சிப் பாடத்தைப் புது எஸ்எஸ்டியில் பதிவு செய்து, அக்காவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தன்னுடைய சின்ன இயர்போனைப் போட்டாள். ஒரு வரி முடிவதற்குள் கழற்றிவிட்டாள்.

"ஏட்டி, இது என்ன கீச்சுன்னு?"

அப்பா தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான இருக்கு. பேஸ் வேணா இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்."

அக்கா சார்ஜரைப் பிடுங்கிவிட்டு என்னை ஒரு வரி வாசிக்கச் சொன்னாள். கேட்டாள். "போயிருச்சு. ஹார்ட் டிஸ்க் இல்ல, சார்ஜர்தான். இனி பிடுங்கிட்டு வாசி." அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். போனில் ஏதோ ஒரு செயலியைத் திறந்தாள். "சத்தம் வந்தா கையத் தூக்கு."

தூக்கினேன். இன்னும் ஒருமுறை தூக்கினேன். பிறகு அவள் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் போனை நீட்டிப் பிடித்தபடியே நின்றிருந்தாள். வாசற்படியில் அம்மா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.



"கூப்பிட்டா திரும்ப மாட்டா," என்றாள் அம்மா. "புஸ்தகத்துக்குள்ள இருக்கான்னுதான் நான்…"

அப்பா போனை வாங்கிப் பார்த்தார். "இத்துனூண்டு ஸ்பீக்கரு. இதுல என்னத்த கேக்கும்? எம்பிள்ளைக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார். போனைக் காதோடு வைத்துக்கொண்டே சொன்னார். அக்கா இன்னும் அதை நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன், அம்மா பொத்திய கையை எடுக்கவில்லை.

போன் ஸ்பீக்கர் சின்னதுதான். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

அக்கா திருநெல்வேலிக்குத் திரும்பும்முன் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள காது மருத்துவரிடம் எனக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

ஜெபக்கனியிடம் சொன்னேன். அவள், "நல்லது. போய்ப் பாத்துட்டு வா," என்று மட்டும் சொன்னாள். ஒருவேளை காது சரியில்லை என்று வந்தால் வாசிக்கிற வேலை வேறு யாருக்குப் போகும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மூன்றாவது வரிசை மெர்சியிடம் நல்ல போன் இருக்கிறது. அவள் குரலும் மோசமில்லை.

அக்டோபர் 25, சனி

அப்பாவோடு போனேன்.

பரிசோதனை அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவர் முழுக்கப் பழுப்பு நிறப் பஞ்சு. ஒரு பக்கம் கண்ணாடி. அங்கேயும் ஒரு ஹெட்போன் மாட்டினார்கள். ஒரு காதுக்குச் சிவப்பு, ஒரு காதுக்கு நீலம். மெத்தை நன்றாக இருந்தது. கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள்.

"சத்தம் எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்தணும்மா. கேக்கலன்னா சும்மா இருக்கணும்," என்றார் அங்கிருந்த பரிசோதகர் அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் தன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

அவர் கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஒவ்வொரு முறை விசையைத் தொடும்போதும் அவை மணிக்கட்டுப் பக்கம் சரிந்து நின்றன. அவருக்குப் பின்னால் திறந்த கதவு வழியாக அப்பா தெரிந்தார். வேட்டி நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பெரிய கூட்டத்தில் பேச்சாளர் எழுந்து நிற்கும் நேரத்தில் மைக் வேலை செய்யாமல் போனால் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே முகம்.

முதலில் வந்த சத்தங்கள் நன்றாகக் கேட்டன. பிறகு நான் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தேர்வையும் கவனமாக எழுதுவது என் வழக்கம்.

"ரெண்டு மூணு இடத்துல தடுமாறுறா. மத்தபடி பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல சார்," என்றார் மருத்துவர் அப்பாவிடம்.

அப்பா வரும் வழியில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அம்மா கேசரி செய்தாள். அக்கா மட்டும் போனில், "சரியாப் பாத்தாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவை என்பது எனக்குப் புரியாததால் அல்ல.

நவம்பர் 3, திங்கள்

வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், காது நன்றாக இருக்கிறதாம் என்று. கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஜெபக்கனி, "அப்ப சரி," என்றாள்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்த பாடங்களை அவளுக்குக் கொடுத்தேன். கொசு செத்துவிட்டதாம்.

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து மழை. செட் அறைக்குத் தகரக் கூரை, மழை விழுந்தால் ஸ்பீக்கர் இல்லாமலே கச்சேரி. நின்றபிறகு போனேன். கரண்ட் இல்லை. பரவாயில்லை, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது, மைக்குக்கு அப்பாவின் யூபிஎஸ் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு இரண்டு பாடங்களை ஒரே மூச்சில் வாசித்தேன். வெளியே கோழிச் சத்தம்கூட இல்லை. மூலையில் யூபிஎஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுங்கியது. பார்க்க அழகாக இருந்தது.

முழுவதையும் அப்பாவின் ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். இதுவரை செய்ததிலேயே இதுதான் சிறந்த பதிவு. உடனே ஜெபக்கனிக்கு அனுப்பினேன்.

நவம்பர் 12, புதன்

மதிய இடைவேளையில் ஜெபக்கனி வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து இயர்போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சிறந்த பதிவைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காதிலிருந்து இயர்போனை உருவி என் காதில் வைத்தேன்.

அந்த ரேஷன் கடை மெஷின் அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது என்னாச்சு?" என்றேன்.

"இருக்கு."

"பின்ன ஏன் இத கேக்குற?"

அவள் போனைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டினாள். "கடைசியா அனுப்பின ரெண்டு பாடத்துலயும் பீப், பீப்னு ஒண்ணு விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு வரிக்கும் நடுவுல. மொதல்ல எங்க வீட்டு போன்தான்னு நெனச்சு அம்மாவ எழுப்பி விட்டுட்டேன்."

யூபிஎஸ் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் அது கத்தும். விளக்கு மினுங்கும்போதெல்லாம் கத்தும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னத்த சொல்ல? கொசுச் சத்தம் வந்தப்ப, உனக்குக் கேக்கல போலன்னு நெனச்சேன். சொன்னேன். இப்பத்தான் காது நல்லாருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாரியே. காது நல்லாருக்கிறவ அவ்வளவு சத்தத்துக்கு நடுவுல உக்காந்து வாசிச்சு, அதையே திரும்பக் கேட்டுப் பாத்து, நல்லாருக்குன்னு அனுப்பினா என்ன அர்த்தம்? கண்ணு தெரியாதவளுக்கு இது போதும்னு அர்த்தம்." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்குப் பழக்கம்தான் வடிவு. பழைய சேலை, பாதி கிழிஞ்ச புஸ்தகம், மிச்ச சாதம், எல்லாம் குடுப்பாங்க. வேண்டாம்னு சொல்ல முடியாது, குறை சொல்லவும் முடியாது. நீயும் அப்பிடித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கு எதுக்கு சண்டை?"

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மணி அடிச்சிருச்சு. வா," என்று அவள் எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் முன்னால் நடந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பரிசோதனையில் பாதிக்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. வளையல் சரிந்தபோதெல்லாம் அழுத்தினேன். சந்தேகம் வரக் கூடாது என்று இரண்டு மூன்று இடங்களில் வேண்டுமென்றே அழுத்தாமல் விட்டேன். அந்த இடங்களில்தான் தடுமாறினேன் என்று அவர்கள் சொன்னது.

இதை இன்று காலை வகுப்புக்கு முன் ஜெபக்கனியிடம் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, காது டெஸ்ட்லயா காப்பி அடிச்ச?"

"ஆமா."

"கண் டெஸ்ட்ல நானும் இப்பிடி அடிச்சிருந்தேன்னா இந்நேரம் லைசென்ஸ் எடுத்திருப்பேன்." தனக்குத்தானே கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எதுக்குட்டி?"

"கேக்கலன்னு தெரிஞ்சா வாசிக்கிற வேலைய மெர்சிக்குக் குடுத்துருவீங்கன்னு. அப்பா மொகத்தப் பாத்தும் பயமா இருந்துச்சு."

"மெர்சி வாசிச்சா லூயி செத்ததுக்கு ஜோக் சொல்ற மாதிரி இருக்கும்." விரல்களால் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "இன்னும் எத்தனை பாடம் இருக்குன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உனக்கு எது கேக்கும், எது கேக்காதுன்னு தெரிஞ்சாத்தான் நாம ஏதாவது வழி பாக்க முடியும். இப்ப அது யாருக்குமே தெரியாது. மொதல்ல போய் அதத் தெரிஞ்சுக்கிட்டு வா."

'நாம' என்றாள். நான் சரியாகத்தான் கேட்டேன், அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

அப்பா செட் அறையில் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பூஜை வேலைகள் வந்துவிடும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வளையல், யூபிஎஸ், ஜெபக்கனி சொன்னது, எல்லாம்.

சுருட்டிய ஒயரை அவர் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். யூபிஎஸ் பக்கம் போய், சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது.

"பீப் அடிக்கா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. அம்மாவத்தான் கேக்கணும்."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கை துடைத்துக்கொண்டே வந்து, "இந்தச் சனியன ஏன் கத்த விட்டுருக்கீங்க? அமத்துங்க," என்றாள்.

அப்பா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நாளா இதுல பீப் வாரதில்லயே, ரிப்பேரு போலன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார்.

அம்மாதான் போய் சுவிட்சைப் போட்டாள்.

நவம்பர் 15, சனி

மூன்று பேரும் போனோம். அப்பா, தனக்கும் ஒரு சீட்டுப் போடச் சொன்னார். முதலில் நான்.

பரிசோதகர் அக்காவிடம், "போன தடவ உங்க வளையலப் பாத்து அழுத்தினேன்," என்றேன். அவர் தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் ரிசல்ட் எனக்கும் கொஞ்சம் விசித்திரமாத்தான் இருந்துச்சு. நாற்காலிய அன்னைக்கே திருப்பிப் போட்டிருக்கணும். என் தப்பும்தான்," என்றார். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். ஹெட்போனை மாட்டினார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு முன்னால் பழுப்புப் பஞ்சு மட்டும் இருந்தது. கண்ணாடியும் அப்பாவும் அம்மாவும் முதுகுக்குப் பின்னால்.

தடித்த சத்தங்கள் முதலில் வந்தன. அவற்றை எனக்கு நன்றாகத் தெரியும். வர வர அழுத்தினேன். பிறகு அவை மெலிந்தன. பிறகு, சத்தம் வருகிறதா அல்லது வருவதாக நான் நினைத்துக்கொள்கிறேனா என்று பிரிக்க முடியாத ஓர் இடம் வந்தது. அங்கே கட்டைவிரல் தானாகவே இறங்கப் பார்த்தது. அவர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சத்தம் அனுப்புகிறார் என்று எனக்குப் பிடிபட்டிருந்தது. அந்த அளவில் அழுத்தினால் பாதியாவது சரியாக வரும். விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. என் மூச்சு மட்டும் ஹெட்போனுக்குள் வந்து போனது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடிந்திருந்தால் கதவைத் திறந்திருப்பார்கள். யாரும் திறக்கவில்லை. அப்படியென்றால் இப்போதும் சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் காதுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நான் சுவரைப் பார்த்தபடி, பொத்தானை அழுத்தாமல், கதவு திறக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.